பிரஷர் இல்லாத தங்கச்சிக்கு ஏன் பிரஷர் குளிசை?

12 யூலை 2025, இரவு 9.40 (களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு அண்ணன் கேட்டது)

தங்கச்சிக்கு 30 கிழமை. நேற்று ராவு வயிறு இறுகி இறுகி நொந்ததெண்டு ஆஸ்பத்திரியில விட்டிருக்கம். ஊசி போடுறாங்க. நிஃபெடிபின் எண்டு ஒரு குளிசையும் குடுக்கிறாங்க. எங்கட அப்பா பிரஷருக்குக் குடிக்கிற அதே குளிசை. தங்கச்சிக்குப் பிரஷரே இல்ல. கேட்டா "நோ நிக்கிறதுக்கு" எண்டு மட்டும் சொல்றாங்க. குடிச்சதில இருந்து தலையிடி, முகமெல்லாம் சிவந்து சூடு. மாறிக் குடுத்திட்டாங்களோ? நிப்பாட்டச் சொல்லவா? மாசம் நிறையும் மட்டும் இது தாங்குமா?

12 யூலை, இரவு 10.15

மாறிக் கொடுக்கவில்லை அண்ணா. நிறுத்தச் சொல்லாதீர்கள்.

கர்ப்பப்பையும் ஒரு தசைதான். தசை இறுக வேண்டுமென்றால் அதன் கலங்களுக்குள் கல்சியம் போக வேண்டும். நிஃபெடிபின் அந்த வாசலை அடைக்கிறது. இரத்தக் குழாயின் சுவரிலும் அதே மாதிரித் தசை இருக்கிறது. அதனால்தான் அப்பாவுக்குப் பிரஷரைக் குறைக்கிற அதே குளிசை தங்கச்சிக்கு வயிற்றின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. தலையிடியும் முகச்சூடும் குழாய்கள் விரிவதால் வருகிறவை. எனக்கும் வந்தது. ஆனால் தலை சுற்றினால், நெஞ்சு படபடத்தால், மூச்சு முட்டினால் உடனே நேர்சைக் கூப்பிடச் சொல்லுங்கள். பிரஷர் அளவுக்கு மேல் விழுந்திருக்கலாம்.

நான் டொக்டர் இல்லை. தம்பிலுவிலில் இருக்கிற ஒரு தாய். 2022 ஆனியில், 31 கிழமையில், எனக்கும் இதே குளிசை தந்தார்கள். அதன்பிறகு மூன்று வருசமாக இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசிக்கிறேன், தெரிந்தவர்களிடம் கேட்கிறேன்.

12 யூலை, இரவு 11.05

உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போய்விட்டேன். அதுதான் முக்கியமான கேள்வி. படுத்தும் நித்திரை வரவில்லை.

மாசம் நிறையும் மட்டும் தாங்காது. அதற்காகக் கொடுப்பதும் இல்லை. இந்தக் குளிசையிடம் டொக்டர்மார் கேட்பது இரண்டு நாள், 48 மணித்தியாலம். அந்த நேரத்துக்குள் இரண்டு வேலை முடிய வேண்டும். ஒன்று, பிள்ளையின் சுவாசப்பை பழுக்கப் போடுகிற ஊசி வேலை செய்ய வேண்டும். மற்றது, குறைமாசப் பிள்ளையைப் பார்க்கிற வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குத் தாயை, பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே, கொண்டு சேர்க்க வேண்டும். பிறந்த பிள்ளையை ஒரு பெட்டிக்குள் வைத்து அம்புலன்சில் குலுக்கிக்கொண்டு போவதைவிட, தாயின் வயிற்றோடு கொண்டு போவது எவ்வளவோ நல்லது.

இதை ஒருவராவது எனக்கு அப்போது சொல்லியிருந்தால், மூன்றாம் நாள் பிள்ளை பிறந்தபோது "குளிசை கேட்கல்ல, எல்லாம் போச்சு" என்று நான் அழுதிருக்க மாட்டேன். குளிசை தன் வேலையை முடித்திருந்தது. எனக்குத்தான் அதன் வேலை என்னவென்று தெரியாது.

13 யூலை, காலை 6.20

என் கதையைக் கேட்டிருக்கிறீர்கள். முழுக்க எழுதுகிறேன். இதில் பிழை விட்ட இடம் என்னுடையது, அதைத்தான் எல்லாரும் பார்க்க வேண்டும்.

வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணிபோல இடுப்புக்குள் ஒரு மந்த நோ. மாமி "சூடு புள்ள, கொத்தமல்லி அவிச்சுத் தாறன்" என்றா. குடித்தேன். கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. ஏழு மணிக்குப் பிறகு வயிறு இறுகத் தொடங்கியது. கையை வைத்தால் தேங்காய் மட்டையைத் தொடுவது மாதிரி இருக்கும், பிறகு மெல்ல மெல்ல இளகும். நோ பெரிதாக இல்லை. அதுதான் என்னை ஏமாற்றியது. பிரசவ நோ என்றால் கத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பது மணிக்குக் கலண்டர்த் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கத்தில் நேரம் எழுதினேன்: 9.04, 9.15, 9.24, 9.36, 9.45. ஒரு மணித்தியாலத்துக்குள் ஐந்து தடவை. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். பத்தரைக்குக் கழுவப் போன இடத்தில் சளி மாதிரி, இரத்தம் கலந்து கண்டேன். அதற்குப் பிறகுதான் இவரை எழுப்பினேன்.

அது பெற்றோல் இல்லாத காலம். செட்டுக்கு முன்னால் மூன்று நாள் வரிசை. இவருடைய ஆட்டோவில் அரை லீட்டர்கூட இல்லை. அடுத்த வளவு அண்ணன் தன் மோட்டார்சைக்கிள் டேங்கிலிருந்து குழாய் வைத்து உறிஞ்சி ஒரு சோடாப் போத்தலில் கொண்டு வந்தார். முன்வீட்டு அக்கா குசினிக்குள் ஒளித்து வைத்திருந்த இன்னொரு போத்தல். அம்புலன்சுக்கு 1990 என்ற இலக்கத்துக்கு அடிக்கலாம் என்பது எங்கள் ஒருவருக்கும் அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. வீட்டுக் கதவில் அந்த இலக்கத்தை இப்போது பெயின்றால் எழுதி வைத்திருக்கிறேன்.

கிட்ட இருந்த ஆஸ்பத்திரிக்குப் போகப் பன்னிரண்டே முக்கால். கர்ப்பப்பை வாசல் இரண்டு விரல் திறந்திருக்கிறது என்றார்கள். குளிசை, தொடையில் ஊசி, அம்புலன்ஸ். மட்டக்களப்புக்குப் போகிற வழியெல்லாம் நான் ஊர்களை வைத்தே நோவை எண்ணினேன். நிந்தவூரில் ஒன்று. காரைதீவுச் சந்தியில் ஒன்று. கல்முனைக்குள் ஒன்றுமில்லை. கல்லாற்றுப் பாலத்தில் ஒன்று, ஆனால் சின்னது. ஆரையம்பதி வரும்போது கூட வந்த நேர்ஸ் என் வயிற்றில் கை வைத்துக்கொண்டே தூங்கிவிட்டா. கல்லடிப் பாலத்தில் ஏறும்போது ஜன்னலால் வாவி தெரிந்தது, கரையில் ஒரு விளக்கு. "பிள்ளை, இன்னும் ரெண்டு நாள் இரி" என்று வயிற்றுக்குள் சொன்னேன்.

மூன்று நாள் தாக்குப்பிடித்தது. ஞாயிறு விடிய மகள் பிறந்தாள். 1,450 கிராம். பிறந்ததும் அழுதாள், பூனைக்குட்டி மாதிரி. அந்தச் சத்தத்தில் லேபர் ரூமில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள்.

மட்டக்களப்புக்குப் போன பிறகு, பிள்ளை பிறக்க முந்தி, நோவை நிறுத்த மக்னீசியம் சேலைனும் ஏற்றினார்கள். உடம்பெல்லாம் நெருப்புக் கொட்டின மாதிரி இருந்தது.

13 யூலை, பின்னேரம் 4.30

காலையில் எழுதியதில் இரண்டு திருத்தம். பெட்டியைத் திறந்து, ஆஸ்பத்திரியால் விடும்போது எழுதித் தந்த டயக்னோசிஸ் காட்டை எடுத்துப் பார்த்தேன்.

மூன்று நாள் இல்லை. முதல் ஊசி வெள்ளி அதிகாலை 1.20. பிள்ளை பிறந்தது ஞாயிறு 5.20. ஐம்பத்திரண்டு மணித்தியாலம். எனக்குத்தான் அது மூன்று நாளாக இருந்திருக்கிறது.

மற்றது, மக்னீசியம் நோவை நிறுத்த ஏற்றியதில்லை. ஒரு காலத்தில் அதற்கும் பாவித்தார்கள், அதற்குப் பெரிதாகக் கேட்பதில்லை என்று தெரிந்துவிட்டது. இப்போது குறைமாசப் பிள்ளையின் மூளையைப் பாதுகாக்கவே கொடுக்கிறார்கள். பிறகு கை கால் இழுத்துக்கொண்டு நிற்கிற பெருமூளை வாதம் வருவதை அது குறைக்கிறது. நிஃபெடிபினும் மக்னீசியமும் சேர்ந்தால் பிரஷர் இன்னும் விழக்கூடும். அதனால்தான் எனக்கு அரை மணிக்கொரு தரம் பிரஷர் பார்த்தார்கள் போலிருக்கிறது. அந்த நேரம் "நித்திரை கொள்ள விடுறாங்க இல்ல" என்று கோபப்பட்டேன்.

14 யூலை, இரவு 8.50

சுவாசப்பை ஊசி என்றால் என்ன, பிள்ளைக்குக் கெடுதி இல்லையா என்று வாழைச்சேனைத் தம்பி ஒருவர் கேட்கிறார். எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்று ஒரு டொக்டர். பிரசவத்தை எது தொடங்கி வைக்கிறது என்று செம்மறியாடுகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். வயிற்றுக்குள் இருக்கிற குட்டிக்கு ஸ்டீரொயிட் கொடுத்தால் ஆடு முந்தியே ஈன்றது. அவர் தேடியது அதைத்தான். ஆனால் மூச்சே விட முடியாத வயதில் பிறந்த குட்டி மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தது. சுவாசப்பை விரிந்திருந்தது. 1969இல் அதை எழுதினார். பிறகு ஹொவி என்ற பிள்ளை வைத்தியரோடு சேர்ந்து ஓக்லாந்தில் 282 தாய்மாரிடம் பரிசோதித்து 1972இல் வெளியிட்டார்கள். ஊசி போட்ட தாய்மாரின் பிள்ளைகளில் மூச்சுத்திணறலும் சாவும் குறைந்திருந்தன.

பிள்ளையின் சுவாசப்பைக்குள் இருக்கிற சின்னச் சின்னக் காற்றுப்பைகள் ஈரமாக இருக்கும். இரண்டு ஈரப் பொலித்தீன் ஒட்டிக்கொண்டால் பிரிக்க எவ்வளவு கஷ்டம்? அப்படி ஒட்டாமல் இருக்க, சவர்க்கார நுரை மாதிரி ஒரு பொருளை உடம்பு கடைசி மாதங்களில் தானே செய்துகொள்கிறது. முந்திப் பிறக்கிற பிள்ளையிடம் அது போதாது. ஊசி அதை அவசரமாகச் செய்யப் பண்ணுகிறது. எனக்குப் போட்டது டெக்ஸாமெதசோன் என்கிற ஸ்டீரொயிட், 12 மணித்தியாலத்துக்கு ஒன்றாக நாலு. சில இடங்களில் பீட்டாமெதசோன், 24 மணித்தியால இடைவெளியில் இரண்டு. தங்கச்சிக்கு எத்தனை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மனம் ஆறாத விசயம்: 1972இல் தெரிந்தது, ஊருலகமெல்லாம் வழமையாகப் போடத் தொடங்க இருபது வருசத்துக்கு மேல் எடுத்தது. அமெரிக்காவிலேயே 1994இல்தான் எல்லாரும் போட வேண்டும் என்று கூடி முடிவெடுத்தார்கள். இடையில் எத்தனை பிள்ளைகள். எங்கள் அம்மாவுக்கு 1983இல் ஏழு மாசத்தில் ஒரு ஆண்பிள்ளை பிறந்து ஒரு நாள் இருந்தது. மூச்செடுக்கும்போது நெஞ்சு குழி விழுந்ததென்று அம்மா இன்றைக்கும் சொல்லுவா.

கெடுதி பற்றி. சும்மா போடுகிற ஊசி இல்லை இது. பிள்ளை உண்மையாகவே முந்தி வரப்போகிறது என்று தெரிந்தால், கிழமை சரியாகத் தெரிந்தால், பிறந்த பிறகு பார்க்கிற வசதி இருந்தால் போட வேண்டும். பங்களாதேஷ், இந்தியா, கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான் ஆஸ்பத்திரிகளில் நடந்த பெரிய ஆய்வு 2020இல் வந்தது. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் இடையிலேயே நிறுத்தினார்கள். எங்கள் பக்கத்து நாடுகளிலும், எங்களைப் போன்ற வார்ட்டுகளிலும் பலிக்கிறது என்று தெரிந்ததில் எனக்குப் பெரிய ஆறுதல்.

15 யூலை, பகல் 1.10

அக்கரைப்பற்றில் இளைப்பாறிய மிட்வைஃப் ராத்தா ஒருவர் எனக்குத் தனியே எழுதியிருந்தா. அவவின் அனுமதியோடு இங்கே போடுகிறேன்: "எங்கட காலத்தில நிஃபெடிபின் இல்ல மகள். சல்பியூட்டமோல் சேலைன் ஏத்துவம். தாய்க்கு நெஞ்சு குதிரை மாதிரி ஓடும், கை நடுங்கும், சத்தி வரும். நாடி 120க்கு மேல போனாக் குறைப்பம். எங்களுக்கும் பயம், தாய்க்கும் பயம்."

அதே குடும்பத்து மருந்துதான் டெர்பியூட்டலினும். நீண்ட நாளைக்குக் கொடுத்தால் தாயின் இருதயத்துக்கு ஆபத்து என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுச் சபை 2011இல் கடுமையாக எச்சரித்தது. அதற்கும் முந்தி, 1960களின் கடைசியிலும் 70களிலும், வெளிநாடுகளில் நோவை நிறுத்த நரம்பால் மதுசாரம் ஏற்றியிருக்கிறார்கள். வயிற்றுப் பிள்ளைத்தாய்க்கு மதுசாரச் சேலைன்! ராத்தாவிடம் சொன்னேன், "அல்லாஹ்" என்று ஒரு சொல்தான் பதில் வந்தது.

17 யூலை, இரவு 9.30

பொத்துவில் பக்கமிருந்து ஒரு சகோதரி: "மட்டக்களப்புக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல. இந்தக் குளிசையை வாங்கி வீட்ட வச்சிருந்து, நோ வந்தா ஒண்டக் குடிச்சிட்டு வெளிக்கிட்டா என்ன?"

வேண்டாம் தங்கச்சி. உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது, நான் அந்த வீதியால் போனவள். ஆனால் சில நோவை நிறுத்தவே கூடாது. நச்சுக்கொடி கழன்று உள்ளே இரத்தம் போகலாம். பனிக்குடத்துக்குள் கிருமி ஏறிக் காய்ச்சல் இருக்கலாம். பிள்ளையின் இதயத்துடிப்பு விழுந்திருக்கலாம். அப்போது பிள்ளை வெளியே வருவதுதான் இருவருக்கும் பாதுகாப்பு, குளிசை அந்த நேரத்தைத் தின்றுவிடும். இதையெல்லாம் பார்த்துச் சொல்ல ஒரு கை வேண்டும், ஒரு மெசின் வேண்டும். வீட்டில் முடிகிற வேலை நேரத்தோடு வெளிக்கிடுவதுதான். நோ வந்து அரை மணித்தியாலத்தில் 1990க்கு அடித்தால் அது குளிசையைவிடப் பெரிய மருந்து. கர்ப்பக் குறிப்பெல்லாம் எழுதுகிற எச் 512 காட் கையில் இருக்கட்டும். மூத்திரம் எரிந்தால் அடுத்த கிளினிக் மட்டும் காத்திருக்க வேண்டாம். மூத்திரக் கிருமியாலும் முந்தி நோ வரும். எனக்கு வந்தது அதனால்தான் என்றார்கள். ஒரு கிழமையாக எரிந்தது, "வெயில்" என்று இருந்துவிட்டேன்.

இன்னொருவருக்கு ஒரு தனியார் கிளினிக்கில் "மூன்று நாள் படுத்தே இருங்க, சரியாகும்" என்று அனுப்பியிருக்கிறார்கள். இடத்தின் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். ஆனால் படுத்திருப்பதால் குறைப்பிரசவம் நிற்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மூன்று நாள் என்பது இரண்டு வட்டம் ஊசி முடிகிற நேரம்.

18 யூலை, காலை 5.50

"இரண்டு வட்டம்" என்று எழுதியது பிழை. ஒரு வட்டம் ஊசி இரண்டு நாளில் முடியும், மூன்று நாளில் அது முடிந்து ஒரு நாள் மிஞ்சும். திருப்பித் திருப்பி வட்டம் போடுவதும் இல்லை. கோபத்தில் எழுதினால் இப்படித்தான் வரும்.

20 யூலை, இரவு 10.40

"ஏழாம் மாசப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசப் பிள்ளை தங்காது, அப்ப எட்டில நோவை நிப்பாட்டுறது எதுக்கு, ஏழிலயே பெத்தா நல்லமே?" இதை ஒரு பெரியம்மா கேட்கச் சொன்னதாக வந்திருக்கிறது. எங்கள் மாமியும் இதையே சொன்னா. நம்ப வேண்டாம். ஒவ்வொரு கிழமையும் பிள்ளைக்கு லாபம். 30இல் பிறப்பதைவிட 32, 32ஐவிட 34. முப்பத்தேழு நிறைந்தால்தான் மாசம் நிறைந்த பிள்ளை.

அப்படியென்றால் 34க்குப் பிறகு ஏன் குளிசை கொடுப்பதில்லை என்ற கேள்வி வரும். அந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகள் தாங்களாகவே தேறிவிடும். தாய்க்கு மருந்தால் வருகிற கஷ்டத்துக்கு ஈடாக லாபம் இல்லை.

24 யூலை, பின்னேரம் 5.15

இன்று ஆடி அமாவாசைத் தீர்த்தம். திருக்கோவிலில் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு கடற்கரையில் நின்றேன். கால் நனைந்ததும் ஒரே சிரிப்பு. திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு விசயம் மனத்தைக் குடைந்தது, எழுதியே ஆக வேண்டும்.

"குளிசைதான் 52 மணித்தியாலம் தந்தது" என்கிற மாதிரி எழுதி வருகிறேன். உண்மையில் எனக்குத் தெரியாது. குறைமாச நோ என்று ஆஸ்பத்திரியில் நிற்கிற தாய்மாரில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் மாசம் நிறைந்தே பெறுகிறார்கள். குளிசை இல்லாமலும் என் பிள்ளை ஞாயிறு மட்டும் இருந்திருக்குமோ என்னமோ.

நெதர்லாந்துக்காரர் முன்னின்று நடத்திய ஆய்வு ஒன்று இந்த 2025இல் வந்திருக்கிறது. 30 முதல் 34 கிழமைக்குள் நோ வந்த தாய்மாரில் ஒரு பகுதியினருக்கு அட்டோசிபான் என்ற நோ நிறுத்தும் மருந்து, மறுபகுதியினருக்கு மருந்தில்லாத வெறும் சேலைன். பிள்ளைகளின் சாவிலும் கடுமையான நோயிலும் இரண்டு பக்கத்துக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் வரவில்லை. அது வேறு மருந்து, விலை கூடிய ஊசி மருந்து. எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் நிஃபெடிபின்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டலும் இந்த மருந்துகளுக்குள் நிஃபெடிபினைத்தான் விரும்பிச் சொல்கிறது. என்றாலும் வாசித்த அன்றிரவு எனக்கு ஒரு மாதிரி இருந்தது. மூன்று வருசமாக அந்தக் குளிசைக்கு மனத்துக்குள் கற்பூரம் கொளுத்திக்கொண்டு இருந்தவள் நான்.

இப்போது என் கணக்கு இது. ஊசிக்குப் பலன் உண்டு, அதில் சந்தேகமில்லை. இடம் மாற்றியதற்குப் பலன் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வீடு, அங்கேயே பிள்ளைப் பிரிவும் இருந்தால் குளிசையின் லாபம் சின்னதாக இருக்கலாம். கோமாரியிலோ பாணமையிலோ நோ வந்த ஒரு தாய்க்கு, மட்டக்களப்பு மட்டும் வழி கிடக்கிறவளுக்கு, அந்தச் சில மணித்தியாலம் வேறு பெறுமதி. ஒரே மருந்து, தூரத்துக்கு ஏற்றபடி பெறுமதி மாறுகிறது. இதில் நான் பிழையாக இருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

26 யூலை, காலை 7.00

களுவாஞ்சிகுடி அண்ணன் எழுதியிருக்கிறார். தங்கச்சிக்கு ஊசி எல்லாம் முடிந்து, நோ நின்று, பன்னிரண்டு நாள் வார்ட்டிலேயே வைத்திருந்தார்கள். நேற்று ராவு தண்ணிக்குடம் உடைந்து பிள்ளை பிறந்துவிட்டது. 32 கிழமை. ஆண். 1,700 கிராம். மெசின் மூச்சு தேவைப்படவில்லை, மூக்கில் சின்னக் குழாயால் காற்று மட்டும். "தங்கச்சி ஒரே அழுகை, தாங்கல்லையே எண்டு."

அண்ணா, அவவிடம் முதலில் மணித்தியாலத்தை எண்ணச் சொல்லுங்கள். பன்னிரண்டு நாளுக்கு மேல் தாங்கியிருக்கிறா.

26 யூலை, காலை 7.40

அனுப்பிய பிறகுதான் கேட்க வேண்டியது ஞாபகம் வந்தது. பிள்ளையைத் தாயின் நெஞ்சில் போடத் தொடங்கிவிட்டார்களா? வெறும் நெஞ்சில், தோலோடு தோலாக, துணியால் கட்டி. கொலம்பியாவில் 1978இல் பெட்டிகள் போதாமல் தொடங்கிய முறை. பிள்ளை முழுக்கத் தேறும் மட்டும் காத்திராமல் பிறந்த உடனேயே தொடங்கினால் சாவு காற்பங்கு குறைகிறது என்று 2021இல் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆஸ்பத்திரிகளில் கண்டார்கள். நான் 26 நாள் அப்படி இருந்தேன். அவள் காது என் நெஞ்சில் ஒட்டி, கொஞ்சம் வேர்த்து, எடுக்கும்போது ஒரு சின்னச் சத்தத்தோடு கழரும்.

வார்ட்டில் தருகிற கவுன் தோளில் வழுக்கும். முன்பக்கம் திறக்கிற பருத்திச் சட்டை இரண்டு என்னிடம் இருக்கிறது, மாமி அந்த நேரம் தைத்துத் தந்தது. கழுவிக் காயப் போட்டிருக்கிறேன். நாளை மட்டக்களப்புக்கு வருகிறேன், பார்வை நேரத்துக்கு வாசலில் நில்லுங்கள். தங்கச்சிக்குப் பால்சுறாப் புட்டும் கொண்டு வருவேன், காரம் போடாமல்.